6 முதல் 9ஆம் வகுப்பு மாணவிகளுக்கு ஓவிய அடிப்படை: 12 வாரத்தில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தேயிலைப்பூ, கோத்தகிரி

வணக்கம். கோத்தகிரியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமை ஓவிய வகுப்பு தொடங்குகிறது. 28 பிள்ளைகள், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை கலந்து இருப்பார்கள். ஒரு வகுப்புக்கு 75 நிமிடம், மொத்தம் 12 வாரம். நீள பெஞ்ச், இரண்டு பக்கமும் ஜன்னல், தண்ணீர்க் குழாய் வராந்தாவின் கடைசியில். ஈசல் (தாளை நிறுத்தி வரையும் தாங்கி), போர்டு எதுவும் கிடையாது.

"பிடித்ததை வரை" என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை. கோத்தகிரியில் தென்னை ஏது? ஜன்னல் வழியாகத் தெரிகிற மலை ஒன்றுகூட முக்கோணமாக இல்லை.

நான் கேட்பது: எந்த வரிசையில் சொல்லிக் கொடுப்பது? வண்ணத்தை எப்போது கையில் கொடுக்கலாம்? ரப்பர் கொடுக்கலாமா? சாரல் காலத்தில் தாளை எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: கரிக்கோடு

அந்த முக்கோண மலையைத் திட்ட வேண்டாம். பிள்ளைக்கு அது 'அ' என்ற எழுத்தைப் போல. பார்க்காமல் எழுத வரும். மலை, வீடு, மரம், பூ, முகம் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே மனப்பாடமான ஒரு குறி கையில் இருக்கிறது. அதனால் முதல் மூன்று வாரம் குறியே இல்லாத பொருளாகக் கொடுங்கள். இஞ்சித் துண்டுக்கு யாரிடமும் மனப்பாட வடிவம் கிடையாது. கழற்றிப் போட்ட ஸ்வெட்டர், சில்வர் ஓக் இலை, பாதி விரித்த குடை ஆகியவையும் அப்படித்தான். பார்த்தால்தான் வரைய முடியும்.

முதல் வாரம் பழைய செய்தித்தாளும் தூரிகையும் போதும். தாளைத் தரையில் விரித்து, நின்றோ மண்டியிட்டோ, தோளிலிருந்து கையை வீசிக் கோடு இழுக்கட்டும். பத்து நிமிடம் நேர்கோடு, வளைவு, வட்டம். பெஞ்சில் உட்கார்ந்து விரல் நுனியால் வரைந்து பழகிய கை எப்போதும் சின்னதாக, தாளின் ஒரு மூலையிலேயே வரையும். கோலம் போடுகிற பிள்ளைக்குத் தோளசைவு ஏற்கெனவே இருக்கும், ஆனால் பென்சில் பிடித்ததும் மறந்துவிடும். அதை நினைவுபடுத்தினாலே போதும்.

அதே வாரம் தாளைப் பார்க்காமல் விளிம்பை வரைதல். ஒரு சாண் அகல அட்டையின் நடுவில் பென்சிலைக் குத்தி நிறுத்தினால் கையும் தாளும் மறைந்துவிடும். இஞ்சியின் விளிம்பில் எறும்பு ஊர்வதாக நினைத்து, கண் போகிற வேகத்திலேயே பென்சிலும் போக வேண்டும். ஐந்து நிமிடம். ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று சொல்கிற பிள்ளை பார்க்கவில்லை என்று பொருள். கோடு கோணலாக வரும், முனைகள் சேராது. அதுதான் சரி. அந்தத் தாளின் பின்னால் தேதி எழுதி வாங்கி வையுங்கள், 12ஆம் வாரம் தேவைப்படும்.

ரப்பர்: முதல் ஐந்து வாரம் கண்டிப்பாக வேண்டாம். தேய்த்த இடத்தில் தாளின் மேற்பரப்பு பஞ்சாகிவிடும், பிறகு அங்கே நிழல் போட்டால் திட்டுத் திட்டாக விழும். அதைவிட முக்கியம், தப்பான கோடு அழிந்துபோனால் எவ்வளவு தப்பு என்று ஒப்பிட வழியில்லை. தப்பான கோட்டை விட்டுவிட்டு, பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடச் சொல்லுங்கள். "நீட்டா இருக்கு" என்று பாராட்டு வாங்கியே வளர்ந்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் தவிப்பார்கள். அவர்களிடம் படம் அழகாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள், "இந்த வளைவை நீ நிஜமாகவே பார்த்திருக்கிறாய்" என்று இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.

4, 5ஆம் வாரம் அளவு. பென்சிலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கெட்டுப்போவது இரண்டு இடத்தில்: முழங்கை மடங்கும், பென்சில் பொருளை நோக்கிச் சாயும். இரண்டிலும் அளவு மாறிவிடும். கையை விறைப்பாக நீட்டி, முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை நிற்பதாகவும் பென்சில் அதில் ஒட்டியிருப்பதாகவும் நினைக்கச் சொல்லுங்கள்.

இந்த இரண்டு வாரத்துக்கும் பொருள் டம்ளர், குடம். வாயை எலுமிச்சை மாதிரி இரண்டு பக்கமும் கூர்மையாக வரைவார்கள், அடியை நேர்கோடாகப் போட்டுவிடுவார்கள். மேசை தட்டையானது என்று தெரியும், அதனால் அடியும் தட்டை என்று கை முடிவு செய்துவிடுகிறது. இதற்கு ஒரே மருந்து, கண்ணாடி டம்ளரில் மூன்று ரப்பர் பேண்டு மாட்டி மெதுவாக மேலும் கீழும் நகர்த்திக் காட்டுவது. கண் மட்டத்தில் பேண்டு நேர்கோடாகத் தெரியும், கீழே போகப் போக அகன்ற நீள்வட்டமாகும். அதனால் மேசைமேல் வைத்த டம்ளரில் வாயைவிட அடியின் வளைவு அதிகம். இதைக் கையில் பிடித்துப் பார்த்த பிள்ளை பிறகு மறக்காது.

6, 7 ஒளியும் நிழலும். இரண்டு பக்கமும் ஜன்னல் என்கிறீர்கள், அதனால் ஒரு பொருளுக்கு இரண்டு நிழல் விழும். ஒரு பக்கத்தைக் கம்பளி போட்டு அடையுங்கள். மூடுபனி நாளில் ஜன்னல் வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வரும், நிழலே விழாது. அன்றைக்கு இடது மேல்பக்கம் ஒரு மேசை விளக்கு வேண்டும். பொருள் முட்டை, வெள்ளையடித்த டப்பா. முதலில் 3 செ.மீ. கட்டம் ஐந்து: இரண்டு ஓரங்கள் முதலில், ஒன்று தாளின் வெள்ளை, மற்றது 6பி பென்சிலில் முடிந்தவரை கறுப்பு. பிறகு நடுக்கட்டம், அதன்பின் மிச்சம் இரண்டு. இடமிருந்து வலமாகப் போட்டுக்கொண்டே போனால் மூன்றாவது கட்டத்திலேயே கறுப்பாகி, கடைசி இரண்டும் ஒன்றாகிவிடும். விரலால் தேய்த்துக் குழைக்க விடாதீர்கள், எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகும். முட்டையில் மிகக் கறுப்பு மேசையைத் தொடுகிற அந்த மெல்லிய இடம். நிழல்பக்கத்து விளிம்பில் மேசையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் தெரியும், அதை வெளிச்சப் பக்கத்தைவிடப் பளிச்சென்று போட்டுவிட்டால் முட்டை உருண்டையாகத் தெரியாது.

பதில்: வண்ணக்கிண்ணம்

கரிக்கோடு சொன்ன வரிசை சரிதான். ஆனா ஏழு வாரம் வண்ணமே இல்லாம வச்சா ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க சோர்ந்துடுவாங்க. என் கருத்து, மூணாவது வாரத்திலேயே ஒரே ஒரு வண்ணம், கூட வெள்ளை. அல்ட்ராமரீன் நீலத்தை அஞ்சு படியா வெளுக்க வைங்க. நிழலுக்கு அஸ்திவாரம் அங்கேயே விழுந்துடும், தூரிகையும் பழகிடும்.

எட்டாவது வாரத்துக்கு போஸ்டர் கலர் ஏழு போதும்: லெமன் எல்லோ, குரோம் எல்லோ, கிரிம்சன், வெர்மிலியன், அல்ட்ராமரீன், பிரஷ்யன் நீலம், வெள்ளை. கறுப்பும் பச்சையும் வாங்கவே வேணாம். மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு எதுக்குன்னா, சிவப்பு + நீலம் = ஊதான்னு சொல்லிக் கொடுத்துட்டு வெர்மிலியனைக் கையில கொடுத்தா வர்றது மண் நிறம். வெர்மிலியன்ல மஞ்சள் சாயல் இருக்கு, அது நீலத்தோட சேரும்போது மூணு அடிப்படை வண்ணமும் கலந்து மங்கிடும். கிரிம்சன் + அல்ட்ராமரீன் போட்டா ஊதா வரும். பிள்ளைங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல கலந்து பார்க்கட்டும், நம்ம விளக்கம் பிறகு.

அடுத்து பச்சை. தேயிலைக்கு நடுவுல இருக்கிற ஊர்ல இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒரு தாள்ல 12 கட்டம், 12 பச்சை. கொழுந்துக்கு லெமன் எல்லோ நிறைய, பிரஷ்யன் நீலம் தூரிகை நுனி அளவு. முத்தின தேயிலைக்கு குரோம் எல்லோவும் அல்ட்ராமரீனும். சோலைக் காட்டு இருட்டுப் பச்சைக்கு அதுலயே கொஞ்சம் வெர்மிலியன். எப்பவும் வெளிர் வண்ணத்தை முதல்ல எடுத்து, அழுத்தமானதைத் துளித்துளியா சேர்க்கணும். நீலத்துல மஞ்சளைச் சேர்க்க ஆரம்பிச்சா கிண்ணம் நிறைஞ்சாலும் கொழுந்துப் பச்சை வராது, கலரும் வீண்.

ஒவ்வொரு பெஞ்சுக்கும் ரெண்டு டம்ளர் தண்ணி, ஒண்ணு தூரிகை கழுவ, ஒண்ணு சுத்தமா. குழாய் தூரத்துல இருக்கறதால அழுக்குக்கு ஒரு வாளி உள்ளேயே வச்சிடுங்க. இன்னொண்ணு, போஸ்டர் கலர் காய்ஞ்சதும் மாறும்: அழுத்தமான நிறம் கொஞ்சம் வெளுக்கும், வெளிர் நிறம் கொஞ்சம் அழுந்தும். துண்டுத் தாள்ல தீட்டிக் காய வச்சுப் பார்த்துட்டு அப்புறம் படத்துல போடச் சொல்லுங்க.

பதில்: சாரல்

தாள் விஷயம் மட்டும். முழு டிராயிங் ஷீட் 22 × 30 அங்குலம், நாலாக மடித்து வெட்டினால் 11 × 15. 28 பேருக்கு ஒரு பயிற்சிக்கு 7 ஷீட். பென்சிலுக்கு மெல்லிய தாள் போதும், வண்ணத்துக்கு 200 ஜி.எஸ்.எம்.க்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) குறைந்தால் அலைஅலையாக எழும்பிவிடும்.

ஈரம் குடித்த தாளில் வண்ணம் மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடும், பென்சில் கீறும். ஷீட்டைச் சுருட்டி வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறையில் தட்டையாக, தரையையும் சுவரையும் தொடாமல், இரும்புப் பெட்டியில் வையுங்கள். பூஞ்சைப் புள்ளி விழுந்த தாளை நல்ல தாளோடு சேர்க்க வேண்டாம். கலரைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள், மிச்சத்தைத் திரும்பப் புட்டியில் ஊற்றினால் ஒரு மாதத்தில் நாற்றம் எடுக்கும்.

பனி நாளில் 75 நிமிடத்துக்குள் முதல் பூச்சு காய்ந்து இரண்டாவது போடலாம் என்று நம்ப வேண்டாம். ஒரு வாரம் அடிப்பூச்சு, மறுவாரம் மேற்பூச்சு. ஈரப் படத்தைக் கொடியில் மாட்டினால் வழியும், இருபது நிமிடமாவது பெஞ்சிலேயே கிடக்கட்டும். ரொம்ப மோசமான நாளுக்கு என்று கரித்துண்டு தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காய வேண்டிய வேலை இல்லை. துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரிக்காரர்கள் புளியங்குச்சியைச் சுட்டுத்தான் முதல் கோடு போடுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து யாராவது வந்தால் பென்சில் பருமனில் குச்சி கேளுங்கள். பட்டை உரித்து, டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, நெருப்பில் வையுங்கள். துளையிலிருந்து புகை நின்றால் ஆயிற்று. முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும், சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சிகள் எரிந்து சாம்பலாகிவிடும். இதைப் பிள்ளைகள் கையில் விடாமல் நீங்களே செய்யுங்கள்.

தேயிலைப்பூ

எல்லாருக்கும் மிக்க நன்றி. மூன்றாம் வாரத்திலேயே ஒற்றை வண்ணம் என்பதை எடுத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. ஆண்டு விழாக் கண்காட்சிக்கு நம் நீலகிரிப் பழங்குடிகளின் கலைகளான தோடர் பூவேலையும் (துணியில் தைப்பது) குறும்பர் ஓவியமும் வேண்டும் என்கிறார் தலைமையாசிரியை. அதை அடிப்படைப் பாடத்தோடு எப்படிச் சேர்ப்பது? கடைசி இரண்டு வாரத்தை நிலக்காட்சிக்கு விடலாமா?

பதில்: நூல்கணக்கு

அச்செடுத்த படத்தைப் பார்த்துக் காப்பியடிக்க வைத்தால் இரண்டுமே 'டிசைன்' ஆகிவிடும், பிள்ளைகள் கற்றுக்கொள்ள அதில் ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொன்றும் எப்படி உண்டாகிறது என்பதைப் பாடமாக்குங்கள்.

தோடர்கள் போர்த்திக்கொள்ளும் சால்வையான பூத்துக்குளியில் தோடப் பெண்கள் துணியில் படம் வரைந்துகொள்வதில்லை, சட்டமும் மாட்டுவதில்லை. முரட்டு நெசவின் இழையை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வகுப்பில் கட்டத்தாள், சிவப்பு, கறுப்பு பென்சில் மட்டும். ஒரு பட்டையில் 3 கட்டம் ஏறி 3 இறங்கும் வரிசை, அடுத்த பட்டையில் 5. எண்ணிக்கை மாறினால் வடிவம் எப்படி மாறுகிறது என்று தாங்களே கண்டுபிடிக்கட்டும். நிரப்பிய கட்டத்தைப் போலவே நிரப்பாத வெள்ளையும் ஒரு வடிவம் என்பது இங்கே தானாகப் புரியும். ஒரு கட்டம் தப்பினால் பட்டை முழுக்கச் சாயும், அதனால் ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணிப் பார்க்க வேண்டும். புள்ளிக் கோலம் தெரிந்த பிள்ளைகள் இதில் முன்னால் ஓடுவார்கள். காட்சிக்கு வைக்கும்போது 'தோடர் பூவேலை' என்று எழுதாமல், 'இழை எண்ணும் முறையைப் பார்த்துச் செய்த பயிற்சி' என்று எழுதுங்கள். அதுதான் உண்மை.

குறும்பர் ஓவியத்துக்கு கோத்தகிரியைவிட நல்ல இடம் இல்லை, குறும்பர் ஊரான வெள்ளரிக்கொம்பை பக்கத்திலேயே இருக்கிறது. வேங்கைப் பிசின், மண், இலை ஆகியவற்றின் நிறம்தான் அதன் மூலதனம். உருவத்தில் நிழல் கிடையாது, உடம்பின் நிலையிலேயே வேலை தெரிந்துவிடும். அதனால் இதை எட்டாம் வாரத்துக்கு முன்னால் வையுங்கள்: மூன்று இடத்து மண்ணைச் சலித்து, பசை கலந்து, தேயிலை பறிப்பவரின் உடல் சாய்வை ஐந்தே கோட்டில் பிடிக்கும் பயிற்சி. பசை குறைந்தால் காய்ந்ததும் உதிரும், கூடினால் தாள் சுருளும். துண்டுத் தாளில் பூசிக் காயவைத்து, விரலால் தேய்த்துப் பாருங்கள்.

வகுப்பில் தோடர், குறும்பர், கோத்தர் பிள்ளை இருந்தால், அவளை எழுப்பி "உங்க வீட்டுக் கலையைக் காட்டு" என்று சொல்ல வேண்டாம். அவளும் மற்றவர்களைப் போலப் படிக்க வந்தவள். அவள் வீட்டுப் பெரியவர்களை அழைப்பதென்றால் முன்கூட்டியே கேட்டு, பள்ளி வழியாக உரிய மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள்.

பதில்: கரிக்கோடு

நிலக்காட்சிக்கு இரண்டு வாரம் தாராளமாக விடலாம். அட்டையில் 5.5 × 7.5 செ.மீ. ஜன்னல் வெட்டிக் கொடுங்கள், 11 × 15 அங்குலத் தாளுக்கு அதே விகிதம். அதன் வழியே பார்த்து, எங்கே நிறுத்துவது என்று பிள்ளை முடிவு செய்யட்டும்.

பாதி கலைந்த பனி இருக்கிற காலை கிடைத்தால் விடாதீர்கள், பனி மலையை அடுக்கு அடுக்காகப் பிரித்துக் கொடுக்கும். நாலு அடுக்கு போதும். கடைசி மலை முதலில்: வெள்ளை நிறைய, அல்ட்ராமரீன் கொஞ்சம், கிரிம்சன் தொட்டும் தொடாமலும். அடுத்த ஒவ்வொரு அடுக்குக்கும் அதே கலவையில் நீலத்தைக் கூட்டி, மூன்றாவதிலிருந்து பச்சையைச் சேர்க்கலாம். மிக அருகில் உள்ள தேயிலைச் சரிவில்தான் அழுத்தமான இருட்டும் கூர்மையான விளிம்பும். தூரத்து மலையில் ஒரு மரத்தைக்கூடத் தனியாகப் போட விடாதீர்கள், போட்டதும் அது முன்னால் வந்து நிற்கும்.

கோத்தகிரியில் பெரும்பாலும் மலை உச்சி உருண்டை. சோலை மடிப்புக்குள் இருட்டாக ஒதுங்கியிருக்கும், புல்வெளி முதுகில் வெளிச்சமாகப் படர்ந்திருக்கும். அந்த இருட்டு மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் முதல் பத்து நிமிடம் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்துக் குறித்த பிள்ளை முக்கோணம் போட மாட்டாள்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றிவிடச் சொல்லுங்கள், கரியும் ஈர வண்ணமும் அதில்தான் இழுபடும். இடக்கைப் பிள்ளைகள் வலது பக்கத்திலிருந்து தொடங்கட்டும், அவர்களை பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.