சேலம் குகை வீட்டுக் குழு: கூப்பன் பஞ்சாயத்து

*சனிக்கிழமை*

[இரவு 8:41] கவிதா: [பில் படம்]

[8:41] கவிதா: யாரும் சிரிக்கக் கூடாது

[8:44] செவ்வாய்பேட்டை மாமா: என்ன கண்ணு 2,170? ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு?

[8:46] கவிதா: லிஸ்ட்டு 1,640க்குத்தான் மாமா எழுதினேன். 1,500க்கு மேல வாங்கினா 150 தள்ளுபடின்னு ஒரு கூப்பன் கெடந்துச்சு, இன்னையோட கடைசி. பில் போடற பொண்ணு அதைத் திருப்பிப் பாத்துட்டு "அரிசி, எண்ணெய், சர்க்கரை இதுல சேராதுங்க்கா"ங்குது. பின்பக்கம் எறும்பு எழுத்துல போட்டிருக்கு. அந்த மூணே 820. மீதி சாமானும் 820தான், அப்ப 1,500க்கு இன்னும் 680 வேணும்

[8:47] கார்த்தி: விட்டுட்டு வர வேண்டியதுதானக்கா

[8:48] கவிதா: பின்னாடி ஏழெட்டுப் பேர் நிக்கறாங்கடா. 150 போயிருமேன்னு ஒரு வெறி. ஓடிப்போய் ஷாம்பு, பிஸ்கட், பாத்திரம் வெளக்கற லிக்விட், சேமியான்னு அள்ளிட்டு வந்தேன்

[8:50] செவ்வாய்பேட்டை மாமா: 2,320ல 150 போக 2,170. ஆக 150ஐப் புடிக்க 530ஐ விட்டிருக்க

[8:50] ஏற்காடு சித்தி: 😂😂😂

[8:52] அம்மா: அந்த சேமியா நம்ம வீட்ல யாரும் திங்க மாட்டாங்க

[8:52] கவிதா: அம்மா, ஹால்ல உக்காந்துக்கிட்டு குரூப்ல போடாதம்மா

[8:55] ஏற்காடு சித்தி: எங்கிட்டயும் நாலு கூப்பன் கெடக்கு கவி. நான் கீழ எறங்கறதுக்குள்ள தேதி முடிஞ்சிருது. 50 ரூபா தள்ளுபடிக்கு 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி வர முடியுமா? போட்டோ எடுத்து அனுப்பினா நீ வாங்கிருவியா

[8:57] கவிதா: பேப்பர்னா அசல் வேணும் சித்தி, கடையில வாங்கி வச்சுக்கறாங்க. கோடு நம்பர் அடிக்கற மாதிரி இருந்தா அனுப்புங்க

[9:01] கார்த்தி: ஆப் மட்டும் என்ன வாழுது. நேத்து "20% தள்ளுபடி"ன்னு வந்துச்சு. உள்ள போனா அதிகபட்சம் 100. அப்ப 500க்கு வாங்கினாலும் 100, 1,500க்கு வாங்கினாலும் அதே 100. நான் 500லயே நிறுத்திக்கிட்டேன். அதுலயும் டெலிவரிக்கு, பொட்டலம் கட்டறதுக்குன்னு தனித்தனியா ஏத்தறான். கூப்பனைப் பாக்காதக்கா, கடைசியா கட்டற தொகைய மட்டும் பாரு

[9:03] கார்த்தி: இன்னொண்ணு. நான் சேக்காத ஒரு சாக்லேட் கூடையில தானா வந்து உக்காந்திருந்துச்சு. 2023லயே மத்திய அரசு இதெல்லாம் கூடாதுன்னு வழிகாட்டுதல் போட்டாச்சு. கேக்காம ஏதாச்சும் சேத்திருந்தா நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சுப் புகார் பண்ணலாம்

[9:04] அம்மா: சாக்லேட்ட தின்னியா

[9:04] கார்த்தி: எடுத்துட்டுத்தாம்மா காசு கட்டுனேன்

[9:10] செவ்வாய்பேட்டை மாமா: நான் சொன்னா பழைய ஆளும்பீங்க. பருப்பு, மொளகா, மல்லிக்கு எல்லாம் கூப்பனே வேண்டாம். லீ பஜாருக்கு வா. பருப்ப உதிரியா அளந்து போட்டா ஜிஎஸ்டி கெடையாது. அதே பருப்பப் பாக்கெட் போட்டுப் பேர் ஒட்டினா 25 கிலோ வரைக்கும் 5%. 2022 ஜூலை 18லேருந்து இப்படித்தான்

[9:12] கார்த்தி: அழகாபுரத்துலேருந்து வந்து போற ஆட்டோ காசு மாமா?

[9:13] செவ்வாய்பேட்டை மாமா: தனியா வந்தா கட்டாது. மூணு வீடு சேந்து ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வாங்குங்க. சோப்பு, பேஸ்ட்டு, டீத்தூளுக்கு கூப்பன் போடு, வேண்டாங்கல. அதுங்க கெடாது, கம்பெனிக்காரன் தள்ளுபடி தர்றதும் அதுக்குத்தான். காயி சூரமங்கலம் உழவர் சந்தையில. அங்க வெலையப் போர்டுலயே எழுதிருவாங்க, கூப்பனும் இல்ல கொசுறும் இல்ல

[9:14] அம்மா: கொசுறு குடுப்பாங்க தம்பி. எனக்குக் கறிவேப்பிலை குடுத்தாங்க

*ஞாயிற்றுக்கிழமை*

[காலை 6:20] அம்மா: [பலமுறை அனுப்பப்பட்டது] ஆண்டு விழாவை முன்னிட்டு 5,000 ரூபாய் மளிகை கூப்பன் இலவசம்!! 10 பேருக்கு அனுப்பிவிட்டு கீழே தொடவும் 👇👇

[6:58] கார்த்தி: அம்மா தொட்டியா??

[7:05] அம்மா: இல்ல கண்ணு கண்ணாடி போடல

[7:06] கார்த்தி: கண்ணாடிக்கு நன்றி. அழிச்சிரு. 5,000 ரூபா எவனும் சும்மா தர மாட்டான். பணம் வாங்கறதுக்கு யுபிஐ PIN நம்பர் தேவையே இல்ல, அது பணம் அனுப்பறதுக்கு மட்டும். கேட்டாலே திருட்டுப் பயல். யாராச்சும் ஏமாந்துட்டா ஒடனே சைபர் க்ரைம் உதவி எண் 1930க்கு அடிக்கணும்

[7:20] ஏற்காடு சித்தி: அக்கா எனக்குத் தனியாவும் அனுப்பி இருக்காங்க 🙈

[10:32] கவிதா: [படம்]

[10:33] கவிதா: ராத்திரி உக்காந்து எல்லாக் கூப்பனையும் கொட்டிப் பாத்தேன். மொத்தம் 23. அதுல 14 தேதி முடிஞ்சது. ஒண்ணு போன வருசப் பொங்கலுக்குக் குடுத்தது, ஃப்ரிட்ஜ் காந்தத்துக்கு அடியில பத்திரமா இருந்துச்சு. உயிரோட இருக்கறது ஒம்போதே ஒம்போது

[10:36] கவிதா: கவர், டப்பா எல்லாம் போட்டுப் பாத்தாச்சு, உள்ள போனா மறந்துர்றேன். அதனால இப்ப தினசரி காலண்டர்லயே குத்திட்டேன். கடைசித் தேதியில இல்ல, அதுக்கு நாலு நாள் முன்னாடித் தாளுக்குப் பின்னாடி. முந்தின நாள் தாளக் கிழிச்சதும் மேல தெரியணும். எதெது சேராதுங்கறதைப் பென்சில்ல பெருசா எழுதிட்டேன்

[10:40] செவ்வாய்பேட்டை மாமா: சபாஷ். கடையில பேங்க் செக்குக்கு நாங்க இப்படித்தான் குத்துவோம்

[10:41] அம்மா: ராகு காலம் பாக்கற எடத்துல கூப்பனா

[10:42] கவிதா: ராகு காலமும் தெரியும்மா. மேல் ஓரத்துலதான் குத்தியிருக்கேன்

*வியாழக்கிழமை*

[மாலை 5:48] கவிதா: அம்மா. டீத்தூள், சோப்புக்கு 200 ரூபா கூப்பன், நேத்துத் தாளுக்குப் பின்னாடி இருந்துச்சே. எங்க? கடையில நிக்கறேன்

[5:53] அம்மா: எது

[5:53] கவிதா: மஞ்சக் கலர் பேப்பர்

[5:57] அம்மா: அதுவா. நேத்து கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன்ல. திருநீறு மடிக்க ரெண்டு தாள் சேத்துக் கிழிச்சேன். ஒண்ணு நல்லா கெட்டியா வழவழன்னு இருந்துச்சு

[5:57] கவிதா: அம்மா!!!

[5:58] கவிதா: அந்தத் திருநீறு எங்க

[5:59] அம்மா: சித்தி வந்திருந்தாள்ல. குடுத்து விட்டேன்

[6:10] கார்த்தி: 😂😂 கூப்பன் வளைவெல்லாம் ஏறிப் போயிருச்சு

[6:22] ஏற்காடு சித்தி: [படம்]

[6:23] ஏற்காடு சித்தி: சாமி படத்துக்கிட்ட இருக்கு கவி. ஞாயித்துக்கெழம வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கு. பென்சில்ல "பால் பவுடர் சேராது"ன்னும் இருக்கு

[6:25] செவ்வாய்பேட்டை மாமா: சனிக்கெழம நம்ம பையன் மிளகு மூட்டை ஏத்த மேல வர்றான். அவங்கிட்டக் குடுத்து விடு பாப்பா

[6:27] ஏற்காடு சித்தி: சரிங்கண்ணா. திருநீற வேற பேப்பர்ல மாத்திட்டுத் தரட்டுமா, அப்படியே தரட்டுமா?

[6:28] அம்மா: அப்படியே குடு. கடைக்காரங்களும் கொஞ்சம் வச்சுக்கட்டும்