சனிக்கிழமை இரவு டிவியில் வந்த ஸ்டீவ் மெக்மான்: ஒரு வழக்கைத் தீர்த்துவையுங்கள்

பாம்பன்_ஆறாம்நம்பர் எழுதியது:

வணக்கம். ஊர் பாம்பன், வேலை மண்டபத்தில். ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

2007, 2008 வாக்கில் நான் பள்ளிக்கூடத்துப் பையன். சனிக்கிழமை விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள் என்பதால் அப்பா வீட்டில் இருக்கமாட்டார். ரிமோட் என் கையில். கச்சான் காற்று கேபிளை அறுக்காத இரவுகளில் ஈ.எஸ்.பி.என்-னில் இங்கிலாந்து கால்பந்து லீக் ஆட்டம் பார்ப்பேன். உண்மையில் நான் காத்திருந்தது இடைவேளைக்கு. சிங்கப்பூர் ஸ்டுடியோவில் தொகுப்பாளர் ஜான் டைக்ஸ் நடுவே இருப்பார், ஆட்டத்தை அலசும் ஷெபி சிங் சிரித்துக்கொண்டே வம்புக்கு இழுப்பார், அவர்களோடு கட்டுமஸ்தான ஒருவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர்தான் ஸ்டீவ் மெக்மான்.

கோல் விழுந்தால் எல்லோரும் கோல் போட்டவனைப் பற்றிப் பேசுவார்கள். என் நினைவில் இருக்கும் மெக்மான் அப்படியல்ல. பந்தை முதலில் பறிகொடுத்தவன் யார், அந்த நேரத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் எங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான், அங்கிருந்து தொடங்குவார். அந்த லிவர்பூல் இங்கிலீஷில் எனக்குப் பாதிதான் புரியும். மீதியைக் கையசைவிலேயே பிடித்துக்கொள்வேன்.

நானும் எங்கள் அணியில் நடுக்களம்தான். கடற்கரையில் ஆடியவர்களுக்குத் தெரியும்: அலை நனைத்த மணலில் பந்து ஓடும், நாலடி மேலே காய்ந்த மணலுக்கு வந்தால் அப்படியே செத்து நிற்கும். எல்லோரும் நின்றுபோன பந்தின் மேல் விழுவார்கள். அவரைப் பார்த்துப் பழகிய பிறகு நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் எவன் ஓடுகிறான் என்று பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு விளையாட்டில் கிடைத்த ஒரே நல்ல பெயர் அதனால் வந்தது.

போன வாரம் டீக்கடையில் இதைச் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன், “கோட் போட்டுக்கொண்டு குறை சொல்ல யாருக்கு வராது? அவர் ஒரு அணிக்காவது பயிற்சியாளராக இருந்தாரா?” என்று கேட்டுவிட்டான். லிவர்பூலுக்கு ஆடியவர் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை_சபராளி எழுதியது:

தம்பி, அந்தப் பையனை என்னிடம் அனுப்புங்கள். துபாயில் ஒரே அறையில் எட்டுப் பேர் நெருக்கியடித்து அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவன் நான்.

மெக்மான் 1994 கடைசியில் ஸ்விண்டன் டவுனுக்கு ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் ஒரே நேரத்தில் போனார். அந்தப் பருவத்தில் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. மறு பருவமே, 1995-96இல், இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து மேலே ஏற்றினார். பிறகு 2000 முதல் 2004 வரை பிளாக்பூல். 2001இல் பிளே ஆஃப் (மேலே ஏறுவது யார் என்று முடிவுசெய்யும் கூடுதல் ஆட்டங்கள்) வென்று அடுத்த மேல்பிரிவு. 2002, 2004 இரண்டிலும் கீழ்ப்பிரிவு அணிகளுக்கான எல்.டி.வி. கோப்பை. பெரிய மேடை இல்லைதான். ஆனால் காசில்லாத அணியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றியவருக்குத்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். விசைப்படகு வைத்திருப்பவரைவிட சின்ன வள்ளம் ஓட்டுபவருக்குக் காற்று தெரிவதுபோல.

தொண்டி_கோல்கீப்பர் எழுதியது:

எல்லாம் சரி காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), ஆஸ்திரேலியாவை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2005இல் அங்கே பெர்த் குளோரி அணிக்குப் பயிற்சியாளராகப் போனவர் அந்த ஆண்டு டிசம்பருக்குள் வெளியே வந்துவிட்டார். லிவர்பூல் ஆட்டம் என்றால் அவர் தராசு கொஞ்சம் சாயும் என்பதும் என் கட்சி. நான் மான்செஸ்டர் யுனைடெட் ஆள், அதனால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். 1990 உலகக் கோப்பை, காக்லியாரி நகரம். அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து 1-0 முன்னிலை. மாற்று ஆட்டக்காரராக மெக்மான் உள்ளே வருகிறார். வந்து சில நிமிடங்கள்தான் ஆகிறது, தன் பெனால்டி பெட்டிக்கு முன்னாலேயே பந்தை அயர்லாந்தின் கெவின் ஷீடியிடம் பறிகொடுக்கிறார். கோல். 1-1. பறிகொடுத்தவனிடமிருந்து தொடங்குவார் என்கிறீர்களே, அந்த ஆட்டத்தை அவர் எங்கிருந்து தொடங்குவாராம்?

ஏர்வாடி_மணல்மேடு எழுதியது:

தொண்டிக்காரர் குத்திக்காட்டுவதாக நினைத்து நடுக்களத்து நண்பருக்கே சாட்சி சொல்லிவிட்டார். நானும் ஒன்று சேர்க்கிறேன். 1989 மே 26, லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்ட். லீகின் கடைசி ஆட்டம். ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பட்டம்; லிவர்பூல் 1-0 என்று தோற்றால்கூடப் போதும். தொண்ணூறு நிமிடம் முடியும் நேரத்தில் ஆர்சனல் 1-0 முன்னிலை. அப்போது மெக்மான் ஆள்காட்டி விரலை நிமிர்த்தித் தன் ஆட்களுக்குக் காட்டிக்கொண்டே நடக்கிறார்: இன்னும் ஒரே நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில்தான் மைக்கேல் தாமஸ் நடுக்களத்திலிருந்து ஓடிவந்து இரண்டாவது கோலைப் போட்டார். இரு அணிகளுக்கும் 76 புள்ளி, கோல் வித்தியாசமும் சமம்; அதிக கோல் அடித்த கணக்கில் பட்டம் ஆர்சனலோடு லண்டனுக்குப் போய்விட்டது. அந்த விரல் இன்றைக்கும் வீடியோவில் இருக்கிறது.

(லிவர்பூலில் மூன்று முறை லீக் பட்டம் வென்றவர் என்பதையும் தொண்டிக்காரர் குறித்துக்கொள்ளட்டும்.)

பாம்பன்_ஆறாம்நம்பர் எழுதியது:

காக்காவுக்கு நன்றி. ஸ்விண்டன், பிளாக்பூல் இரண்டையும் ஐஸ் பில்லின் பின்புறம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஏர்வாடிக்காரர் சொன்ன வீடியோவை நேற்று இரவு தேடிப் பார்த்தேன், நாலு தடவை. முதல் மூன்று தடவை விரலைப் பார்த்தேன். நாலாவது தடவை மெக்மான் செய்வதுபோலவே செய்தேன்: விரலை விட்டுவிட்டு, நடுவிலிருந்து தாமஸ் கிளம்பும்போது அவர் பின்னால் யார் போகிறார்கள் என்று பார்த்தேன். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒருவரும் இல்லை.

தொண்டி அண்ணன் கேட்டதற்கு என் பதில்: மெக்மான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவார். டிவியில் அவர் முகம் ஏன் அப்படிக் கடுகடுத்திருந்தது என்பது எனக்கு இப்போதுதான் பிடிபடுகிறது. தராசு சாய்ந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நாளை படகுகள் கரையில்தான். சாயங்காலம் டீக்கடைக்கு அந்தப் பையன் வருவான். செல்போனில் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன்.