பொருள்: மவுண்ட் – பொருத்தா, ஏற்றா, கொளுவா?

வணக்கம்.

மேசைக்கணினியில் வன்வட்டு, எஸ்எஸ்டி பொருத்தும் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வட்டைப் பிரித்த பகுதியான பார்ட்டிஷனுக்குப் ‘பகிர்வு’ என்று போட்டுவிட்டேன். ‘மவுண்ட்’தான் சிக்கல். 3-ஆம் பக்கத்தில் வட்டைக் கூட்டில் வைத்துத் திருகாணி முடுக்குவதற்கு அந்தச் சொல் வருகிறது. 11-ஆம் பக்கத்தில், வட்டின் பகிர்வை ஒரு கோப்புறையின்கீழ்த் திறந்து வைப்பதற்கும் அதே சொல். இரண்டுக்கும் ‘பொருத்து’ என்றே எழுதி வகுப்பில் கொடுத்தேன். நான்கு திருகாணியும் முடுக்கி, கணினியைத் தொடங்கி, பகிர்வுகளும் அமைத்துவிட்ட மாணவி ஒருவர், “வட்டைப் பொருத்துக” என்று மறுபடி கண்டதும் கணினியை அணைத்துவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுத்தார். உதவுங்கள்.

---

ஐயா, நான் ‘ஏற்று’ என்றே எழுதி வருகிறேன். தரவு பதிந்த காந்த நாடாச் சுருளை ஆள் எடுத்துக் கருவியில் மாட்டிய காலத்துச் சொல் அது. அந்தச் சாயல் இதில் இருக்கிறது.

---

> ஏற்று

பதிவேற்று, தரவேற்று எல்லாம் ஏற்கெனவே ஏறி நிற்கின்றன. நடப்பது என்ன என்று பாருங்கள். கோப்புறைகள் ஒரு மரம். புது வட்டு தனி மரம். அதைக் கொண்டுவந்து இதன் கிளை ஒன்றில் வைக்கிறோம். தோட்டக்காரர் இதை ‘ஒட்டு’ என்பார். ஒட்டுக்கன்று நமக்குப் புதிதா?

இன்னொன்று: ‘பகிர்வு’ இன்று ஷேர் ஆகிவிட்டது. ‘பாத்தி’ என்னுங்கள். “வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று” (குறள் 718). பகுத்துண்பதைப் ‘பாத்தூண்’ என்றதும் அவரே. எம்பிஆர் என்னும் பழைய வட்டுப் பகுப்பு முறையில் முதன்மைப் பாத்தி 4-க்கு மேல் கூடாது என்று சொல்லிப் பாருங்கள், வரப்பு கண்ணில் தெரியும்.

---

பாத்தி அருமை. ஆனால் அது தனி இழை, அம்மா.

‘ஒட்டு’ ஆகாது. வெட்டி ஒட்டுவது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கோப்புறையில் முன்பே கோப்புகள் இருந்தால் அவை புதியவற்றோடு கலப்பதில்லை. மறைந்துவிடும். வட்டை எடுத்ததும் பழையபடி தெரியும். ஒட்டு, இணை, சேர் மூன்றும் இந்த இடத்தில் பொய் சொல்கின்றன.

என் சொல் ‘கொளுவு’. எங்கள் ஈழ வழக்கில் நாள்தோறும் புழங்குவது. கொக்கிக்குக் கொளுக்கி என்போம். வேர் ‘கொள்’. கொண்டி, கொளுத்து (நகையின் பூட்டு) எல்லாம் அதன் வழியே. புறப்பொருள் வெண்பாமாலையில் துறையின் கருத்தைப் பிடித்துத் தரும் அடிகளுக்குக் ‘கொளு’ என்றே பெயர். பற்றிப் படரும் கொடியும் இந்த வேரே என்பது என் துணிபு. எதிர்ச்சொல்லும் கையோடு வருகிறது: கழற்று.

---

கழற்று என்றால் அந்த மாணவி மறுபடி திருப்புளியை எடுப்பார். நினைவகத்தில் தங்கியிருக்கும் தரவு வட்டில் எழுதப்படுமுன் வடத்தைப் பிடுங்கினால் கோப்பு கெடும். இது சொல்லழகு பார்க்கும் இடமில்லை.

கட்டளையே ‘மவுண்ட்’தானே? அப்படியே விட்டால் எல்லாருக்கும் புரியும்.

---

> அப்படியே விட்டால்

டகர ஒற்றில் தமிழ்ச்சொல் முடியாது. “வடவெழுத் தொரீஇ” (வட எழுத்தை நீக்கி) என்று தொல்காப்பியத்தில் வடசொல்லுக்கே வரம்பு கட்டிய மொழி இது. குறைந்தது ‘மவுண்டு’ என்றாவது எழுதுங்கள். பெயர்ச்சொல்லை அப்படிக் கடன் வாங்கலாம். வினையைக் கடன் வாங்கினால் ‘பண்ணு’ என்ற ஒற்றை வினையோடு நின்றுவிடுவோம்.

---

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. ஐவர் ‘ஏற்று’, இருவர் ‘கொளுவு’, ஒருவர் ‘மவுண்ட்’. திருகாணி வேலைக்குப் ‘பொருத்து’, கோப்புறை வேலைக்கு ‘ஏற்று’ என்று அனுப்புகிறேன். ‘இறக்கு’ பதிவிறக்கத்தோடு குழம்பும் என்பதால் அன்மவுண்டுக்கு ‘விடுவி’. வட்டு என்று எழுதாமல் “பகிர்வை ஏற்றுக” என்று திருத்திவிட்டேன். பாத்தி இம்முறை இல்லை, அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

---

ஐயா, ஏற்றியதை இறக்கத்தான் முடியும். விடுவிப்பதற்கு முன்பு கட்டியிருக்க வேண்டுமே. கொளுவியிருந்தால் இந்த முடை வந்திராது. அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.