1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு: நியாயமான விலையை எப்படிக் கணிப்பது?

திருச்சி வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1970இல் புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு கார், எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பல ஆண்டுகளாக ஓட்டவில்லை. எஞ்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது. வண்டியின் உள்ளமைப்பு எதையும் மாற்றியதில்லை. பின்பக்க வலது கதவின் கைப்பிடியையும் முன்புற கிரில்லையும் மட்டும் காணவில்லை. ஆர்.சி. புத்தகம் அப்பாவின் பெயரிலேயே இருக்கிறது. அதைப் புதுப்பிக்கவும் இல்லை. அப்பா காலமாகிவிட்டார்.

உள்ளூர் புரோக்கர் நாற்பதாயிரம் ரூபாய்தான் போகும் என்கிறார். கோவையிலிருந்து வந்து பார்த்த ஒருவர் ஒன்றே முக்கால் லட்சம் தருவதாகச் சொன்னார். இணைய விளம்பரங்களிலோ இதே கார் ஆறு லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். இவற்றில் எதை அளவாகக் கொள்வது? பெயின்ட் அடித்து ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்து விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா?

ஹெரால்டு அன்பர், சென்னை

வணக்கம் ஐயா. முதலில் அந்த ஆறு லட்சத்தை மறந்துவிடுங்கள். கேட்கிற விலை வேறு, கைமாறுகிற விலை வேறு. ஒரே விளம்பரம் மாதக்கணக்கில் நிற்கிறது என்றால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்றுதான் பொருள். 2022 மே மாதம் ஒரு மெர்சிடஸ் பென்ஸ் 300 எஸ்.எல்.ஆர். கூபே 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போன செய்தி வந்ததிலிருந்து, பழைய கார் என்றாலே புதையல் என்ற எண்ணம் பரவிவிட்டது. அந்த வகையில் உலகில் இருப்பவை இரண்டே கார்கள். ஹெரால்டோ, பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு காரை நம் சென்னைப் பெருங்களத்தூர் ஆலையில் 1961 முதல் வரிசையாகத் தயாரித்து, நடுத்தரக் குடும்பங்களுக்கு விற்ற வண்டி.

நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. பிரிட்டனில் வந்தவை எல்லாம் இரண்டு கதவுகள்தாம். இதனால் உங்கள் கார் அரியது என்று சிலர் சொல்வார்கள். அரியது என்பதற்காக மட்டும் விலை ஏறாது, தேடி வருகிறவர் இருந்தால்தான் ஏறும். இதில் வாங்குபவர் பார்க்கும் வேறொரு கணக்கும் உண்டு. எஞ்ஜின், முன்புற சஸ்பென்ஷன் போன்றவற்றின் பாகங்கள் பலவும் அதே டிரையம்ப் நிறுவனத்தின் ஸ்பிட்ஃபயர் காருக்கும் பொதுவானவை என்பதால், பிரிட்டனிலுள்ள உதிரிபாகக் கடைகளிலிருந்து இன்றும் வரவழைக்கலாம். ஆனால் பின்கதவு, அதன் கண்ணாடி, பீடிங் (ஓரத்து ரப்பர்) ஆகியவை அங்கே எந்தக் காரிலும் இருந்ததில்லை. அவற்றுக்கு இங்கேயே காயலான் கடைகளைத்தான் சுற்ற வேண்டும். ஆகவே கதவும் கண்ணாடியும் முழுமையாக இருப்பது, எஞ்ஜின் ஓடுவதைவிடப் பெரிய பலம்.

அடுத்தது சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். ஹெரால்டு தனிச் சேசிஸ் மேல் பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு மாட்டிய வண்டி. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில்தான் முதலில் துரு பிடிக்கும். முன்புற பானெட்டை முழுதாக முன்னோக்கிக் கவிழ்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே படுத்து, அந்தக் கைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். திருப்புளி உள்ளே இறங்கினால் விலை இறங்கும். முன்சக்கரங்களைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் பித்தளை டிரன்னியன் (சக்கரம் திரும்பும்போது தண்டு சுழலும் மூட்டு) ஒன்று இருக்கிறது. அதற்கு கிரீஸ் போடக் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். இது தெரியாமல் விட்ட வண்டிகளில் தண்டின் மரை அரித்து, ஒரு நாள் சக்கரமே மடங்கிவிடும். விவரம் தெரிந்தவர் வாங்க வந்தால் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

பெயின்ட் அடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டிங்கரிங், பெயின்டிங் இரண்டுக்கும் நீங்கள் செலவிடும் தொகை விலையில் பாதிகூடத் திரும்பாது. அதோடு, புதுப் பெயின்டைப் பார்த்ததும் அதனடியில் எவ்வளவு பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு, காந்தம் ஒட்டாது) இருக்கிறதோ என்று காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். மங்கிய பழைய பெயின்டோடு நிற்கும் வண்டியில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. நன்றாகக் கழுவித் துடைத்து, பழைய பில்கள் இருந்தால் எடுத்து வையுங்கள். இந்த நிலைக்குக் கோவைக்காரர் சொன்னது நியாயத்துக்கு அருகில் இருக்கிறது. காகிதம் சரியாகிவிட்டால் அதற்கு மேலும் கேட்கலாம்.

ஆர்.சி. விவரம் அறிந்தவர்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். புரோக்கர் நாற்பதாயிரம் என்றதற்குக் காரணம் வண்டியைவிட அந்த ஆர்.சி. புத்தகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை யாரும் முறைப்படி வாங்க முடியாது. வாரிசுச் சான்றிதழையும் மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் வைத்து, படிவம் 31இல் விண்ணப்பித்து, உங்கள் பெயருக்கோ தாயார் பெயருக்கோ மாற்றுங்கள். எஞ்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடியே வண்டியிலும் இருக்கின்றனவா என்று அதற்கு முன்பே சரிபார்த்து, தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படிவம் 25 மூலம் வழக்கமான பதிவையே புதுப்பிப்பது. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்ட் முதல் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி. மற்றொன்று, 2021இல் வந்த விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதிவது. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்ஜின் மூன்றும் மாற்றமின்றி இருக்க வேண்டும். உங்கள் கார் தகுதி பெறும் என்றே நினைக்கிறேன். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், ஏற்கெனவே உள்ள பழைய எண்ணும் தொடரும். ஆனால் விண்டேஜ் பதிவுள்ள காரைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது.

சேகரிப்பவருக்கு இது குறையாகத் தோன்றாது. குடும்பத்தோடு கோயிலுக்கும் கடைவீதிக்கும் ஓட்ட விரும்புபவரோ விலகிவிடுவார். ஆகவே பெயர் மாற்றத்தை மட்டும் நீங்கள் முடித்துவிட்டு, எந்தப் பதிவு என்பதை வாங்குபவரிடம் விட்டுவிடுவது நல்லது. புதுப்பிக்கும் செலவை விலையில் கழித்துப் பேசிக்கொள்ளலாம்.

மதுரை மெக்கானிக்

ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பெயின்ட் வேண்டாம் என்பது சரி. ஆனால் வண்டியை ஸ்டார்ட் ஆக்கிக் காட்டுவது வேறு விஷயம். ஓடாத வண்டியில் வாங்குபவர் மிக மோசமான நிலையைக் கற்பனை செய்தே விலை சொல்வார். பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவி, கார்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, பிளக் ஓட்டை வழியாகச் சிறிது எண்ணெய் விட்டு ஊறவைத்து, புது பேட்டரி போட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை இது. பிரேக் வேலை முடியாமல் மட்டும் யாரையும் தெருவில் ஓட்டிப் பார்க்க விடாதீர்கள்.

திருச்சி வாசகர்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று டார்ச்சோடு படுத்துப் பார்த்தேன். இடது பக்கம் பின்கதவுக்குக் கீழே உள்ள கையில் மட்டும் திருப்புளி இறங்கியது. மற்றவை உறுதியாக இருக்கின்றன. இரண்டு எண்களும் புத்தகத்தோடு பொருந்துகின்றன. பரணில் தேடியபோது கிரில் செய்தித்தாளில் சுற்றியபடி கிடைத்தது, கைப்பிடி கிடைக்கவில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டேன். அது வந்து பெயர் மாறியதும், துரு உள்ள இடத்தையும் படத்தில் காட்டி, இரண்டே கால் லட்சம் என்று கேட்கலாமா?

ஹெரால்டு அன்பர், சென்னை

தாராளமாகக் கேளுங்கள் ஐயா, இரண்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். கைப்பிடிக்கு இடது கதவில் உள்ளதைப் படம் எடுத்து இங்கே பதியுங்கள். நண்பர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன்.