பிபி மெஷின் ஒவ்வொரு தடவையும் வேறு அளவு காட்டுகிறது, மெஷின் கோளாறா?

கேட்டவர்
அம்மாவுக்கு 64 வயது. பிபி மாத்திரை அம்லோடிபின் 5 மி.கி. தினம் ஒன்று. மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷினில் இன்று காலை 158/94. உடனே திரும்பப் பார்த்தால் 149/90, மறுபடி 153/88. போன வாரம் டாக்டரிடம் 136/84தான். பேட்டரி புதுசு. அம்மா கையை மடியில் வைத்திருப்பார், கஃப்பை (கையில் சுற்றும் காற்றுப் பட்டை) ரவிக்கைக் கையின் மேலேயே கட்டுகிறோம். மாத்திரையை இரண்டாக்கலாமா என்று கேட்கிறார்.

செவிலியர்
மாத்திரையைத் தொடாதீர்கள். தப்பாக எடுத்த அளவை நம்பி டோஸைக் கூட்டினால் கால் வீங்கும், எழுந்து நிற்கையில் தலை சுற்றும். அந்த வயதில் ஒரு விழுகை போதும், இடுப்பெலும்பு போய்விடும்.

கை மடியில் இருப்பதுதான் முதல் தப்பு. கஃப் நெஞ்சு மட்டத்திலிருந்து 10 செ.மீ. தாழ்ந்தால் அளவு 7, 8 கூடும். சாப்பாட்டு மேசையில் தலையணை வைத்து, அதன் மேல் கையைத் தளர்வாகக் கிடத்துங்கள். கஃப்பின் நடுப்பகுதி இதய மட்டத்துக்கு வரவேண்டும். துணிக்கு மேல் கட்டக் கூடாது. இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி ஏற்றுவதும் தப்பு, அந்தச் சுருளே கயிறு மாதிரி கையை நெரிக்கும். நைட்டியோ கையில்லாத உடையோ போட்டபின் பாருங்கள். கஃப்பின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, குழாய் உள்ளங்கைப் பக்கமாக இறங்கணும்.

முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காரட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். அளக்கும்போது நீங்களும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

மருத்துவக் கருவிப் பராமரிப்பாளர்
மெஷினைக் குறை சொல்லும் முன் கஃப் அளவைப் பாருங்கள். தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் தையல் டேப்பால் சுற்றளவு எடுங்கள். கஃப் எந்தச் சுற்றளவுக்கு என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். கைக்குச் சின்ன கஃப் என்றால் அளவு கூடத்தான் காட்டும், மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.

கேட்டவர்
கை 35 செ.மீ. இருக்கிறது, கஃப்பில் 22–32 என்று போட்டிருக்கிறது! இன்னொன்று: இரண்டு தடவை திரையில் இதயப் படம் மின்னியது.

மருத்துவக் கருவிப் பராமரிப்பாளர்
அப்போது 32–42 கஃப் வாங்குங்கள், அதே கம்பெனியின் அதே மாடலுக்குப் பொருந்துவதாக. வேறு கம்பெனி கஃப் குழாயில் நுழைந்தாலும் அளவு சரியாக வராது.

பல மெஷின்களில் நாடி துடிக்கும்போதெல்லாம் ஒரு படம் மின்னும், அது சாதாரணம். ஒழுங்கற்ற துடிப்புக்குத் தனிக் குறி உண்டு. எது எது என்று கையேட்டில் பாருங்கள்.

செவிலியர்
ஒழுங்கற்ற துடிப்புக் குறியாக இருந்தால் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு 60 நொடி நாடி எண்ணுங்கள். கையை ஆட்டினாலும் அந்தக் குறி வரும். ஆனால் விட்டு விட்டு, இடைவெளி மாறி மாறித் துடித்தால் இசிஜி எடுக்க வேண்டும். துடிப்பு ஒழுங்கில்லாதபோது இந்த வகை மெஷின்களின் பிபி அளவும் தடுமாறும்.

மருந்தாளுநர்
புது கஃப் வந்ததும் 7 நாள் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே 1 நிமிடம் இடைவெளி. உடனுக்குடன் அமுக்கினால் கையில் ரத்தம் தேங்கி அளவு கெடும். முதல் அளவு பெரும்பாலும் கூடத்தான் இருக்கும், அதையும் விடாமல் எழுதுங்கள். முதல் நாளை ஒதுக்கி மீதி ஆறு நாளின் சராசரியை டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டு அளவில் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதல். கிளினிக்கில் அந்த வரம்பு 140/90. முதல் நாள் இரண்டு கையிலும் பாருங்கள், கூடுதலாக வரும் கையிலேயே தொடருங்கள்.

கேட்டவர்
நன்றி. எவ்வளவு வந்தால் உடனே ஓடணும்?

செவிலியர்
180/120ஐத் தொட்டால் 5 நிமிடம் உட்கார வைத்துத் திரும்பப் பாருங்கள். மறுபடி அதே அளவு, வேறு தொந்தரவு இல்லை என்றால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்தல், இதில் ஒன்று இருந்தாலும் மெஷினை வைத்துவிட்டு 108.