இரும்பு டாலர்ல வெள்ளிக்கம்பி கிளம்புது, துருவும் ஏறுது

கீழக்கரைப் பட்டறை:
உலோகத்துல வெள்ளிக்கம்பி பதிக்கிற கொரியாவோட ‘இப்சா’ பாணியில கழுத்துச் சங்கிலிக்கு டாலர் செய்றோம். 2 மி.மீ. இரும்புத் தகடு, 0.3 மி.மீ. 925 வெள்ளிக்கம்பி. உளியால குறுக்கும் நெடுக்கும் கொத்தி, மேல கம்பியை வெச்சு அடிக்கிறோம். வளைவு வர்ற இடத்துல கம்பி கிளம்பிருது. இந்த உப்புக்காத்துக்கு ஒரே வாரத்துல கம்பி ஓரமா செம்பழுப்புக் கோடு வேற. தகட்டை எவர்சில்வருக்கு மாத்திரலாமா?

சிற்றுளி:
925 வேண்டாம்ணே. அதுல கலந்திருக்கிற செம்பால அடிக்க அடிக்க விறைச்சுக்கும், கொத்துக்குள்ள இறங்காது. கலப்பில்லாத 999 வெள்ளியை இழுத்து, காய்ச்சி ஆறவிட்டு எடுங்க. நூல் மாதிரி துவளணும்.

அப்புறம், ரெண்டு திசை பத்தாது. இப்சாவுல ரெண்டு வகை. கொரியாவுல கொர்யோ அரசர்கள் காலத்து வெண்கலச் சாமான்ல இருக்கிறது, பள்ளம் வெட்டிக் கம்பியை இறக்குறது. நீங்க செய்றது அதுக்கடுத்து வந்த ஜோசன் அரசர்கள் காலத்துல இரும்புக்குப் பரவின கொத்துமுறை. அதுக்கு நெடுக்கு, கிடை, ரெண்டு மூலைவாட்டம்னு நாலு திசையிலயும் கொத்தணும். பின்னாடி கொத்துற கோடு முன்னாடி கொத்தினதோட விளிம்பைக் கிழிச்சுப் பிசிறா நிமித்தும். வெள்ளியைக் கவ்வுறது அந்தப் பிசிறுதான். பஞ்சை உரசிப் பாருங்க, இழை மாட்டணும். வழுக்கினா திரும்பக் கொத்துங்க. கொத்தின இடத்துல விரல் படக்கூடாது, பிசுக்கு ஏறிரும்.

வளைவுல கம்பியை இழுத்துப் பிடிக்காதீங்க. 2 மி.மீ. உட்காரவெச்சு, அப்புறம் அடுத்த 2 மி.மீ.

உப்புத்தாள்:
வெள்ளியும் இரும்பும் ஒட்டியிருக்கிற இடத்துல உப்பு ஈரம் பட்டா கரையறது இரும்புதான். கோடு சரியா கம்பி ஓரத்துல வர்றது அதனாலதான். எவர்சில்வருக்குப் போகாதீங்க, கொத்தக் கொத்த இறுகி உளியைத் தின்னுரும்.

கம்பி ஏறாத இடத்துல மிச்சமிருக்கிற கொத்தை அடிச்சு அமுக்கி, 600, 1000 உப்புத்தாள் போடுங்க. அப்படியே விட்டா உப்பு தங்குற இடம் அதுதான். சோப்பு, வெந்நீர்ல கழுவி உடனே காயவெச்சு, நீலம் ஓடுற வரைக்கும் சூடு காட்டுங்க, சுமார் 300 டிகிரி. ஆளிவிதை எண்ணெயைத் தடவி, தடவினதே தெரியாத அளவுக்குத் துடைச்சு, புகை அடங்குற வரைக்கும் சூடாக்கணும். இது 3, 4 தடவை. எண்ணெய் கனமா நின்னா பிசுபிசுன்னு ஆயிரும். வெள்ளி மேல படிஞ்ச கருப்பை சாக்குப்பொடி தொட்ட துணியால எடுத்துட்டு, கடைசியா தேன்மெழுகு. டாலர் பின்பக்கம் வெள்ளித் தகடு வெச்சு ரிவிட் அடிச்சா வேர்வை இரும்புல படாது. மோதிரம் மட்டும் இதுல செய்யாதீங்க.

கீழக்கரைப் பட்டறை:
துருவே வேண்டாம்னு, கர்நாடகா பீதர்ல கருப்பு உலோகத்துல வெள்ளி பதிக்கிற பித்ரி வேலை மாதிரி துத்தநாகக் கலவையில செஞ்சா?

சிற்றுளி:
செய்யலாம். நவச்சாரமும் பீதர் கோட்டை மண்ணும் குழைச்சுப் பூசினா உலோகம் கருத்துரும், வெள்ளி வெள்ளையாவே நிக்கும். ஆனா துத்தநாகம் நொறுங்குற சாதி. மெல்லிசா வார்த்த தோடு தரையில விழுந்தா ரெண்டாயிரும். அதோட அது பள்ளம் வெட்டுற முறை, உங்க கொத்து அதுல எடுபடாது.

கீழக்கரைப் பட்டறை:
டாலர் வளையத்தைப் பொடி வெச்சு ஊதிப் பத்தவைக்கிறது எப்போ?

உப்புத்தாள்:
கொத்துறதுக்கு முன்னாடியே. ஊதுற சூடு 700 டிகிரியைத் தாண்டும். கருப்பு ஏத்தினப்புறம் ஊதினா அத்தனையும் எரிஞ்சு, திரும்ப முதல்லேர்ந்து.