பழைய காற்றாலைகளைப் படம் எடுப்பவர்கள் இருக்கிறீர்களா? என்னென்ன குறித்து வைப்பீர்கள்?

நெதர்லாந்துக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. சனி ஞாயிறு வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு காற்றாலைகளைப் படம் எடுக்கப் போய்விடுகிறேன் (ஆரல்வாய்மொழியில் பார்க்கிற மின்சாரக் காற்றாலை இல்லை, மரமும் செங்கல்லுமாக நிற்கிற பழசு). கிண்டர்டைக்கில் இருக்கும் 19-ஐயும் எடுத்தாயிற்று. இப்போது திருப்பிப் பார்த்தால் மற்றதில் பாதி எந்த ஊர் என்றே தெரியவில்லை. அப்புறம், சுற்றிக்கொண்டிருந்தபோது எடுத்த படத்தில்கூட இறக்கை நின்ற மாதிரியே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1
ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள். இங்கே ஆலை ஓட்டுபவர்கள் சுற்றுக்கணக்கு பார்ப்பதில்லை, நிமிடத்துக்கு எத்தனை இறக்கை கடந்து போகிறது என்றுதான் எண்ணுவார்கள். இறக்கை நான்கு, அதனால் 60 என்றால் 15 சுற்று, நொடிக்குக் கால் வட்டம். 1/500-ல் எடுத்தால் நின்ற மாதிரிதான் விழும். 1/15 வைத்தால் ஆறு டிகிரி நகரும், முனை கலங்கி நடு அச்சு தெளிவாக வரும். முக்காலி கட்டாயம், வெயிலில் வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டரும்.

பதில் 2
முதலில் தாடியை எடுங்கள். சிரிக்காதீர்கள், தொப்பியின் (ஆலையின் உச்சியில் திரும்புகிற கூரை) முன்பக்கம் இறக்கை அச்சுக்குக் கீழே இருக்கிற அலங்காரப் பலகைக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயரே தாடிதான், பல ஆலைகளில் பெயரும் கட்டிய வருடமும் அதில் எழுதியிருக்கும். பின்பக்கம் போய் வாலையும் எடுங்கள், தொப்பியைக் காற்றுக்கு நேராகத் திருப்புவது அதை வைத்துத்தான், ஆனால் ஒருவரும் எடுப்பதில்லை. ஆலை ஓடாமல் நின்றால் இறக்கை எப்படி நிற்கிறது என்று எழுதி வையுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். மேல் இறக்கை உச்சிக்குச் சற்று முன்னால், வலப்பக்கம் நின்றால் கல்யாணம், குழந்தை மாதிரி நல்ல சேதி. உச்சியைத் தாண்டி இடப்பக்கம் நின்றால் துக்கம். சில வட்டாரங்களில் வழக்கம் மாறும், அதனால் உள்ளூரில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 3
என்னைக் கேட்டால் ஆலையைவிடச் சுற்றுப்புறம் முக்கியம். பக்கத்தில் மரம் வளர்ந்தாலோ கட்டிடம் எழும்பினாலோ காற்று மறைந்துவிடும், ஆலை புத்தம்புதிதாக நின்றாலும் ஓடாது. அழகாக வராது என்று நாம் படத்திலிருந்து வெட்டி எறிகிற மரமும் வீடும்தான் பிற்பாடு உதவும். அதனால் அகலமாக ஒரு படம், வருடா வருடம் அதே இடத்தில் நின்று எடுங்கள். நீல நிறத்தில் நீளக் கொடி பறந்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று அர்த்தம். மே இரண்டாம் வார இறுதியில் தேசிய ஆலை நாள், நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் திறந்திருக்கும். ஒன்று மட்டும், சில ஆலைகளில் இறக்கை தரையை உரசுகிற உயரத்தில் வரும், வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி முன்னால் நடக்காதீர்கள்.

கேட்டவர்
எல்லோருக்கும் நன்றி. பழைய படங்களைப் புரட்டினேன், போன நவம்பரில் எடுத்த ஒன்றில் மேல் இறக்கை இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. கூட்டல் குறி மாதிரி நேராக நிறுத்தியிருக்கக் கூடாதா என்று அன்றைக்குச் சலித்துக்கொண்டு கிளம்பி வந்தேன்.